படகு ஓடுகிறது, ஜிபிஎஸ் நிற்கிறது: டிஎம்ஏ டிரைவரில் எங்கே தப்பு?

கேள்வி: தொண்டி வாசகர்
ஏப்ரல் 17, 2025

அண்ணே, நாட்டுப்படகுக்கு ஒரு ஜிபிஎஸ் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். எஸ்டிஎம்32 சில்லு, மேலே ஃப்ரீஆர்டிஓஎஸ் (வேலைகளை டாஸ்க்குகளாகப் பிரித்து ஓட்டும் சிறு இயங்குதளம், ஆர்டிஓஎஸ் வகை). ஜிபிஎஸ்ஸிலிருந்து 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் வரும் என்எம்இஏ வரிகளை (இடமும் நேரமும் சொல்லும் எழுத்து வரிகள்) டிஎம்ஏ வழியாக, அதாவது செயலியைத் தொடாமல் தரவை நேராக ரேமில் எழுதும் வன்பொருள் வழியாக, ஒரு பஃபரில் (ரேமில் ஒதுக்கிய இடத்தில்) வாங்குகிறேன். வீட்டு மேசையில் நாள் முழுக்க ஓடுகிறது. படகில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கிறது. பஃபருக்கு வாலடைல் போட்டும் பார்த்தாச்சு. இந்த வேகத்துக்கு டிஎம்ஏ எதற்கு, இன்டரப்ட் (செயலியை இடைமறித்துக் கூப்பிடுவது) போதாதா என்று வகுப்பில் வேறு கேட்கிறார்கள்.

ஏப்ரல் 17, இரவு 11:20

கேஷ். பார்க்காமலே சொல்வேன், கேஷ்தான்.

கார்டெக்ஸ் எம்7 செயலி ரேமை நேராகப் படிப்பதில்லை. 32 பைட் துண்டுகளாகக் கேஷ் என்ற தன் சிறிய வேக நினைவகத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் படிக்கும். டிஎம்ஏவுக்கு இந்தக் கேஷ் இருப்பதே தெரியாது. அது பின்வாசல் வழியாகப் போய் ரேமில் புது வரியைக் கொட்டிவிட்டு வந்துவிடும். உன் டாஸ்க் படிப்பது கேஷில் கிடக்கும் பழைய வரியை.

வாலடைல் இங்கே உதவாது. அது கம்பைலருக்குச் சொல்லும் சேதி: 'மாறியை ரெஜிஸ்டரில் பதுக்காதே, ஒவ்வொரு முறையும் போய்ப் படி' என்பது. கம்பைலரும் ஒழுங்காகப் போகும். போகிற வழியில் கேஷ் மறித்துப் பழையதைக் கையில் கொடுத்துவிடும்.

டிஎம்ஏ முடிந்ததும், பஃபரைத் தொடுமுன், அந்த முகவரிகளுக்கான கேஷைச் செல்லாததாக்கு (கேஷில் உள்ள நகலைத் தூக்கிப்போட்டு ரேமிலிருந்து புதிதாகப் படிக்க வைப்பது). பஃபர் 32-இன் மடங்கில் தொடங்கி 32-இன் மடங்கில் முடியட்டும். என்எம்இஏ வரி அதிகபட்சம் 82 எழுத்து, ஆகவே ஒரு வரிக்கு 96 பைட். அவ்வளவுதான், போய்த் தூங்கு.

ஏப்ரல் 18, காலை 9:05

நேற்று அவசரத்தில் மருந்தை மட்டும் சொன்னேன். நோய் என்னவென்று சொல்லவில்லை.

இன்று விடியலில் மண்டபம் கரைக்குப் போயிருந்தேன். 15-ஆம் தேதியிலிருந்து தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகுகள் மட்டும்தான் வந்தன. கூடை மணலில் இறங்கும்வரை மீன் சம்மாட்டியுடையது (படகு முதலாளி). ஏலம் கேட்டு ஒரு வியாபாரியின் பேர் விழுந்தாச்சு என்றால் அது அவருடையது. அதற்கப்புறம் படகுக்காரர் 'குழம்புக்கு' என்று நாலு காரலை எடுத்தாலும் சண்டைதான்.

டிஎம்ஏ பஃபரும் அந்தக் கூடைதான். டிஎம்ஏவைத் தொடங்கிவிட்ட கணத்தில் பஃபர் உன்னுடையது இல்லை. முடிந்தது என்று இன்டரப்ட் வந்து, கேஷ் கணக்கையும் தீர்த்தபிறகுதான் மறுபடி உன் கைக்கு வருகிறது. நடுவில் எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. டிரைவர் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இப்போது யார் கையில்' என்று எழுதிப் பழகினேன். என் டிரைவர் தப்புகளில் பாதி அந்தப் பழக்கத்தோடு ஒழிந்தது.

(மீதிப் பாதி பற்றிக் கேட்காதே.)

ஏப்ரல் 18, மாலை 6:40

திருத்தம். முடிந்தபிறகு மட்டும் செல்லாததாக்கினால் போதும் என்ற பொருளில் எழுதியிருக்கிறேன். போதாது.

பஃபரை நீ முன்பு சுழியமாக்கியிருந்தால் அந்தச் சுழியங்கள் ரேமுக்குப் போகாமல் கேஷிலேயே அழுக்காகக் கிடக்கலாம். டிஎம்ஏ புது வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது, கேஷுக்கு இடம் வேண்டியிருந்தால், அந்தப் பழைய சுழியங்களை அதன் தலையில் கொட்டிவிடும். ஆகவே தொடங்குமுன்னும் ஒருமுறை. பின்னும் ஏன் வேண்டும் என்றால், எம்7 யாரும் கேட்காமலே முன்கூட்டிப் படித்து வைக்கும் குணமுள்ளது. நடுவில் பாதி வந்த வரியைக் கேஷுக்குள் எடுத்து வைத்திருக்கலாம்.

வெளியே அனுப்பும் பக்கத்தில் கதை தலைகீழ்: தொடங்குமுன் கேஷில் இருப்பதை ரேமுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் அனுப்பினால் போன வாரத்துச் சேதி போகும்.

ஏப்ரல் 20, இரவு 10:15

32-இன் மடங்கு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். ஏன் இத்தனை அழுத்தம் என்றால் அடி வாங்கியிருக்கிறேன்.

ஓத ஏற்ற இறக்கத்தைப் பதியும் கருவி ஒன்று செய்தேன். பாம்பன் பக்கம் ஒரு தூணில் கட்டியிருந்தது. பதிவு எண் 41, 42, 43 என்று போய்விட்டுத் திடீரென்று மறுபடி 41. எண்ணிக்கை மாறியை யார் குறைக்கிறார்கள் என்று நிரல் முழுக்கத் தேடினேன். குறைக்கும் வரியே நிரலில் கிடையாது. இரண்டு டாஸ்க் மோதுகின்றன என்று நினைத்து மியூட்டெக்ஸ் பூட்டுப் போட்டேன். அடுத்து ஸ்டாக் (டாஸ்கின் தற்காலிக நினைவிடம்) வழிகிறது என்று அதைப் பெரிதாக்கினேன். எதற்கும் மசியவில்லை.

கடைசியில், எந்த மாறி எந்த முகவரியில் என்று காட்டும் மேப் கோப்பைத் திறந்து பார்த்தால், அந்த எண்ணிக்கை மாறி என் பஃபருக்கு நான்கு பைட் முன்னால் குடியிருந்தது. இரண்டும் ஒரே 32 பைட் துண்டுக்குள். செயலி 43 என்று எழுதியது கேஷில் இருந்தது, ரேமில் இன்னும் 41. நான் பஃபருக்காகச் செல்லாததாக்கியபோது பக்கத்து வீட்டுக்காரரின் 43-உம் சேர்ந்து போயிற்று. நம் கூடையைத் தூக்குகிறோம் என்று அண்டைக் கூடையையும் கவிழ்த்த கதை.

அதிலிருந்து பஃபர்களை லிங்கரில் (மாறிகளுக்கு ரேமில் இடம் ஒதுக்கும் கருவி) தனிப் பகுதியாக ஒதுக்கி, எம்பியு (நினைவகப் பகுதிகளுக்கு விதி வைக்கும் வன்பொருள்) மூலம் அந்தப் பகுதிக்குக் கேஷே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வேகம் போகும். போகட்டும்.

ஏப்ரல் 21, காலை 7:50

லிங்கர் என்றதும் ஞாபகம். பஃபர் எந்த ரேமில் இருக்கிறது என்பதையும் பார். எஸ்டிஎம்32எச்743-இல் 128 கேபி டிடிசிஎம் என்று செயலிக்கு ஒட்டிய ரேம் உண்டு. டிஎம்ஏ1, டிஎம்ஏ2 இரண்டுக்கும் அந்த இடத்துக்கு வழியே கிடையாது. என் லிங்கர் கோப்பு மாறிகள் எல்லாவற்றையும் அங்கேதான் வைத்திருந்தது. தொடங்கியவுடன் பரிமாற்றப் பிழைக் கொடி ஏறும். நான் அந்தக் கொடியைப் பார்க்கும் நிரலே எழுதவில்லை. ஒரு வாரம்.

எஸ்டிஎம்32-இன் எஃப்7 வரிசையிலும் இதே கதைதான்.

ஏப்ரல் 21, காலை 8:10

இல்லை, எஃப்7-இல் அப்படி இல்லை. அங்கே டிஎம்ஏ டிடிசிஎம்முக்குப் போக முடியும். போக முடியாத இன்னொன்று எஃப்407 சில்லில், செயலிக்கு ஒட்டிய 64 கேபி சிசிஎம் ரேம். காபி குடிக்குமுன் எழுதக் கூடாது.

ஏப்ரல் 24, இரவு 9:30

டிஎம்ஏ தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். 9600 பாட் என்றால் நொடிக்கு 960 பைட், ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல். இன்டரப்ட் தாராளமாகப் போதும். வகுப்பில் கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். பெட்டியில் ஜிபிஎஸ் மட்டும்தான் என்றால் டிஎம்ஏவை எடுத்துவிட்டு நிம்மதியாக இரு.

டிஎம்ஏ வேண்டியது ஆழமானி போன்றவற்றுக்கு. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். பாக் விரிகுடாவில் 10 மீட்டர் ஆழம் என்றால் எதிரொலி 13 மில்லிநொடியில் திரும்பிவிடும். நம் பக்கம் ஆழம் அவ்வளவுதான் என்பதால் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். நொடிக்கு ஒரு லட்சம் மாதிரி (எதிரொலியின் அளவீடு) எடுத்தால் ஒரு மாதிரிக்கு ஏழரை மில்லிமீட்டர் ஆழம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் இன்டரப்ட் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் முறை செயலியின் சட்டையைப் பிடித்து இழுப்பது. அதுவே 1024 மாதிரிப் பஃபரைச் சுழல் முறையில் டிஎம்ஏவிடம் கொடுத்து, பாதி நிறைந்ததும் ஓர் இன்டரப்ட், முழுதும் நிறைந்ததும் ஓர் இன்டரப்ட் என்று வைத்தால், 5.12 மில்லிநொடிக்கு ஒன்று. நொடிக்கு 195 போல. டிஎம்ஏ ஒரு பாதியை நிரப்பும்போது மறுபாதி உன் கையில்.

ஏப்ரல் 27, மதியம் 2:00

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், கணக்குப் போட்டாயா என்று கேட்டார். போடவில்லை. இப்போது போடுகிறேன். 400 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 4000 சுழற்சி. இன்டரப்ட் ஒன்றுக்கு 100 சுழற்சி செலவு என்றாலும் இரண்டரை சதவீதம்தான். ஆக, செயலி களைத்துப்போகும் என்று நான் சொன்னது வெறும் பயமுறுத்தல். 72 மெகாஹெர்ட்ஸ் பழைய சில்லில் 720 சுழற்சிதான், அங்கே வலிக்கும்.

உண்மையான காரணம் தாமதம். ஆர்டிஓஎஸ் ஏதோ ஒரு முக்கியப் பகுதிக்குள் இன்டரப்டை 30 மைக்ரோநொடி மூடி வைத்தால், 10 மைக்ரோநொடிக்கு ஒன்று வரும் மாதிரிகளில் இரண்டு மூன்று காணாமல் போகும். எதிரொலி படத்தில் அடித்தரை ஒரு படி ஏறி இறங்கும். டிஎம்ஏ இந்தக் கதவடைப்பைக் கண்டுகொள்ளாது. செயலியின் நேரத்தை மிச்சம் பிடிப்பதைவிட, நேரம் தவறாமல் வாங்கி வைப்பதுதான் அதன் பெரிய உபகாரம்.

இதையே சாக்காக வைத்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதி இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதே. எஸ்டி அட்டை எழுதும்போது 250 மில்லிநொடிவரை மூச்சைப் பிடித்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. ஒரு மாதிரிக்கு இரண்டு பைட், ஆக நொடிக்கு 2 லட்சம் பைட் வரத்தில், அந்த நேரத்துக்கு மட்டும் 50,000 பைட் எங்காவது நிற்க வேண்டும். உன் இரண்டு கேபி பஃபர் அதற்குள் கிட்டத்தட்ட ஐம்பது முறை பாதிப்பாதியாக நிறைந்திருக்கும். டிஎம்ஏவுக்குப் பின்னால் பெரிய வரிசை ஒன்று வேண்டும்.

மே 3, இரவு 11:00

பரமக்குடியிலிருந்து ஒருவர் ராஸ்பெரி பை 3-இல் லினக்ஸ் டிரைவர் எழுதுகிறாராம். டிஎம்ஏவுக்கு யூஆர்ட்டின் (பைட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பும் பகுதி) முகவரியைச் சரியாகக் கொடுத்தும் ஒன்றும் அசையவில்லை என்கிறார்.

செயலி யூஆர்ட்டைப் பார்க்கும் முகவரி வேறு, அந்தச் சில்லில் டிஎம்ஏ பார்க்கும் முகவரி வேறு. ராமேசுவரம் தீவில் நின்றுகொண்டு வடக்கே பார்த்தால் பெண் கடல் என்கிறோம், தெற்கே திரும்பினால் ஆண் கடல். தண்ணீர் அரிச்சல்முனையில் ஒன்றாகத்தான் கலக்கிறது. பஃபர் விஷயத்திலும் அப்படியே: சுட்டியை (செயலி பார்க்கும் முகவரியை) எடுத்து நேராகக் கொடுக்கக் கூடாது. 'டிஎம்ஏ மேப் சிங்கிள்' என்ற அழைப்பு என்ன எண் திருப்பித் தருகிறதோ அதுதான் டிஎம்ஏவின் பாஷை. அது தோற்றதா என்றும் கேட்க வேண்டும், நிறையப் பேர் கேட்பதில்லை. நான் மேலே கையால் செய்யச் சொன்ன கேஷ் வேலையும் இந்த மேப், அன்மேப் இரண்டுக்குள் அடங்கிவிடும். லினக்ஸ் அந்த ஏலக் கணக்கையே விதியாக வைத்திருக்கிறது. மேப் செய்தால் கருவியுடையது, அன்மேப் செய்தால் உன்னுடையது. நடுவில் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் 'சிங்க்' அழைப்புகள் உண்டு.

ஸ்டாக்கில் இருக்கும் பஃபரை மேப் செய்யாதீர்கள். பழைய கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) தப்பித்திருக்கும். 2016 டிசம்பரில் வந்த 4.9 கர்னலிலிருந்து முதலில் எக்ஸ்86-இலும், பின்னர் ஆர்ம்64-இலும் கர்னல் ஸ்டாக்கை இந்த மேப்புக்கு ஒத்துவராத வேறு வகை நினைவகத்தில் வைக்க வழி செய்துவிட்டார்கள். அப்போது பல பழைய யூஎஸ்பி டிரைவர்கள் இதில்தான் மாட்டின.

கர்னலைக் கட்டும்போது டிஎம்ஏ பிழைதேடும் வசதியை இயக்கிவிடுங்கள். மேப் செய்து அன்மேப் செய்ய மறந்தால் அதுவே சத்தம் போடும்.

மே 4, காலை 6:30

அவருக்கு இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. லினக்ஸின் டிஎம்ஏ எஞ்சின் வழியாகப் போனால், வேலையைத் தயார் செய்து 'சப்மிட்' செய்வது வரிசையில் வைப்பது மட்டுமே. அதற்கப்புறம் 'இஷ்யூ பெண்டிங்' என்று ஓர் அழைப்பு. அதை விட்டால் பிழையும் வராது, தரவும் வராது. லாரியில் ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றியாச்சு, டிரைவரிடம் கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் முழுக்க அந்த லாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முடிந்ததும் வரும் கால்பேக்கில் (நிகழ்வு நடந்ததும் தானாக அழைக்கப்படும் உங்கள் நிரல்) தூங்கக்கூடிய எதையும் அழைக்காதீர்கள். அதுவும் அனுபவம்தான்.

மே 11, இரவு 9:45

தொண்டித் தம்பி இன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கே வந்துவிட்டார். நான் சொன்ன எல்லாவற்றையும் செய்தாராம். 32-இன் மடங்கு, முன்னும் பின்னும் செல்லாததாக்குதல், தனிப் பகுதி. கேஷ் அழைப்பு கம்பைல் ஆகவில்லை என்பதால் அதை மட்டும் கமெண்ட் ஆக்கிவிட்டாராம்.

ஏன் கம்பைல் ஆகவில்லை? பெட்டியைத் திறந்தேன். உள்ளே எஃப்407.

கார்டெக்ஸ் எம்4. ரேமுக்குக் கேஷே கிடையாது.

நாலு வாரமாக நான் ஓதியதில் அவருக்குப் பொருந்தியது ஏப்ரல் 24-ஆம் தேதி முதல் பத்தி மட்டும். 'எஸ்டிஎம்32' என்றுதான் அவர் எழுதியிருந்தார். எது என்று நான் கேட்கவில்லை. என் மேசையில் கார்டெக்ஸ் எம்7 உள்ள எச்7 இருந்ததால் ஊரெல்லாம் எச்7 என்று நினைத்துவிட்டேன். அதைவிட வெட்கம், விடை அவர் கேள்வியிலேயே இருந்தது. மேசையில் நாள் முழுக்க ஓடுகிறது, படகில் நிற்கிறது என்றார். கேஷ் மேசை, படகு என்று ஆள் பார்த்தா வேலை செய்யும்?

கேஷ் பற்றி மேலே எழுதியதை அழிக்கவில்லை. எச்7 வைத்திருப்பவருக்கு ஆகும்.

மே 12, மாலை 5:20

காலையில் தம்பியின் மாமா படகில் போய்ப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. பக்கத்துப் படகுக்காரர் கூப்பிட்டார், மாமா வயர்லெஸ் செட்டின் பொத்தானை அழுத்திப் பதில் சொன்னார். இடம் உறைந்துவிட்டது. பெட்டியை அணைத்துப் போட்டோம், ஓடியது. 'மாமா, இன்னொரு தடவை பேசுங்க' என்றோம். மறுபடி உறைந்தது. என்ன பேச என்று கேட்டார். எதையாவது பேசுங்க என்றதற்கு, இன்று கணவாய் என்ன விலை என்று நடுக்கடலில் விசாரித்தார்.

ஜிபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு வரும் வயர் நாலு மீட்டர், கவசம் இல்லாதது, வயர்லெஸ் ஆன்டெனாவை ஒட்டியே போகிறது. பொத்தானை அழுத்தும்போது யூஆர்ட்டில் இரைச்சல் ஏறி ஃப்ரேமிங் பிழை (பைட்டின் எல்லை தவறுவது) வருகிறது. அவர் பயன்படுத்தும் நூலக நிரலை வரிவரியாகப் படித்தேன். டிஎம்ஏ வழியாக வாங்கும்போது யூஆர்ட்டில் இப்படி ஒரு பிழை வந்தால், அது டிஎம்ஏவை நிறுத்திவிட்டுப் பிழைக் கால்பேக்கை அழைக்கிறது. அந்தக் கால்பேக்கில் நீதான் மறுபடி தொடங்க வேண்டும். தம்பி அந்தக் கால்பேக்கை எழுதவே இல்லை. ஒரே ஓர் இரைச்சல், அதோடு டிஎம்ஏ செத்தது. டாஸ்க் பாட்டுக்குப் பஃபரில் கிடந்த கடைசி வரியை அலசிக்கொண்டே இருந்தது.

டிடிசிஎம் கதையில் நான் பிழைக் கொடியைப் பார்க்கவில்லை. தம்பி பிழைக் கால்பேக்கைப் பார்க்கவில்லை. வித்தியாசம், அவருக்கு வயது இருபது.

யார் கையில் என்ற என் கேள்வியும் இங்கே பாதிதான் உதவியது. கூடை வியாபாரி கையில் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் ஊருக்கே போய்விட்டார்.

மே 13, காலை 10:10

பிழைக் கால்பேக்கில் கொடிகளைத் துடைத்து டிஎம்ஏவை மறுபடி தொடங்கும்படி எழுதியாச்சு. கவசமுள்ள வயர் போட்டு, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையமும் மாட்டியாச்சு. இரண்டும் வேண்டும். வயரை மட்டும் மாற்றியிருந்தால், உப்புக்காற்றில் கனெக்டர் பச்சைக் களிம்பு பிடிக்கும்வரை நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் எனக்கு இரவெல்லாம் உறுத்தியது வேறு. அந்தப் பெட்டி பொய் சொன்னது. என்எம்இஏ வரியின் செக்சம் (வரி சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) சரி, ஏனென்றால் பழைய வரியும் முழு வரிதான். நிலை எழுத்து 'ஏ', அதாவது இடம் செல்லும் என்றது. நாட்டுப்படகு ஆறு நாட் வேகத்தில் போனால் ஐந்து நிமிடத்தில் 900 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 1974-இல் பாக் விரிகுடாவில் வரைந்த இந்திய-இலங்கை எல்லைக் கோட்டுக்கு அருகில் அந்த 900 மீட்டருக்கு என்ன விலை என்று நம் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திரை வெறுமையாக இருந்தால் மாமா தன் கண்ணையும் காற்றையும் நம்புவார். எண் தெரிந்தால் எண்ணை நம்புவார்.

ஆகவே டிரைவர் இப்போது பஃபரோடு, கடைசி டிஎம்ஏ நிகழ்வு எப்போது வந்தது என்ற டிக் எண்ணையும் (ஆர்டிஓஎஸ் கடிகாரத்தின் எண்) சேர்த்துக் கொடுக்கிறது. மேலே உள்ள டாஸ்க், வரிக்குள் இருக்கும் நேரம் நகர்கிறதா என்று தனியாகப் பார்க்கிறது. இரண்டில் ஒன்று மூன்று நொடி நின்றாலும் திரையில் கோடுகள்தான்.

மே 19, இரவு 10:50

தம்பியிடமிருந்து அடுத்த புகார். வரியின் கடைசிச் சில எழுத்துகள் அவ்வப்போது பழையதாக இருக்கின்றனவாம். இந்தத் தடவை சில்லு எது என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: எஃப்407, கேஷ் இல்லை.

ஜிபிஎஸ் ஒரு மூச்சாக வரிகளைக் கொட்டிவிட்டு மீதி நொடி சும்மா இருக்கும். வரி ஓய்ந்தது என்ற ஐடில் இன்டரப்டில், டிஎம்ஏவின் மிச்ச எண்ணிக்கையைப் படித்து எவ்வளவு வந்தது என்று கணக்கிடுகிறார். சரியான வழி. ஆனால் டிஎம்ஏவின் ஃபிஃபோ (உள்ளே இருக்கும் சிறு இடைத்தேக்கம்) இயக்கத்தில் இருந்தது. யூஆர்ட்டிலிருந்து எடுத்ததுமே எண்ணிக்கை குறைந்துவிடும், பைட்டுகள் ஃபிஃபோவிலேயே நின்று வாசல் (எவ்வளவு சேர்ந்தால் ரேமுக்குத் தள்ளுவது என்ற அளவு) நிறையும்வரை காத்திருக்கும். வாசலை முழு அளவுக்கு வைத்தால் 15 பைட்வரை ரேமுக்கு வராமல் கிடக்கலாம். ஃபிஃபோவை அணைத்து நேரடி முறைக்கு மாற்றினார். தீர்ந்தது.

கூடவே, அந்த இன்டரப்டிலிருந்து டாஸ்கை எழுப்புவதால் அதன் முன்னுரிமை எண்ணையும் பார்க்கச் சொன்னேன். ஃப்ரீஆர்டிஓஎஸ் வைத்திருக்கும் எல்லை எண்ணைவிடச் சிறிய எண் கொடுத்தால், அங்கிருந்து ஆர்டிஓஎஸ்ஸை அழைக்கக் கூடாது. எண் சிறிதானால் முன்னுரிமை பெரிது என்பது எனக்கு இன்றும் ஒவ்வொரு முறையும் தடுக்குகிறது.

ஜூன் 15, காலை 11:30

நேற்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. கரையில் டீசல் வாடையும் ஐஸ் லாரிச் சத்தமும் திரும்பிவிட்டன. கச்சான் காற்றும் பிடித்துவிட்டது.

தம்பியின் பெட்டி ஐந்து வாரமாக மாமா படகில் இருக்கிறது. மறுதொடக்க எண்ணிக்கையைப் பதிய ஒரு மாறி வைத்திருந்தோம். நேற்று படித்துப் பார்த்தால் 17. பதினேழு முறை டிஎம்ஏ விழுந்திருக்கிறது, பதினேழு முறையும் எழுந்திருக்கிறது. அதில் பதினோரு முறை ஒரே நாளில், மே 29-ஆம் தேதி. அன்று என்ன ஆயிற்று என்று மாமாவிடம் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க வந்திருந்த நாள், கரையிலிருந்து அவர் தம்பி வயர்லெஸ்ஸில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார் என்றார்.

தொண்டித் தம்பிக்கு அடுத்து ஆழமானி செய்ய வேண்டுமாம். எச்743 வாங்கப்போவதாகச் சொல்கிறார். மேலே ஏப்ரல் மாதக் குறிப்புகளை மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறேன்.